போக்சோ சட்டம்: புகார் முதல் தீர்ப்பு வரை குழந்தைக்கு உள்ள பாதுகாப்புகள் என்ன?

புதுடெல்லி: குழந்தைகள் மீதான பாலியல் குற்றம் ஏதேனும் நாட்டை உலுக்கும்போதெல்லாம், தண்டனையைக் கடுமையாக்க வேண்டும் என்ற குரலே முதலில் எழுகிறது. அந்தக் கோரிக்கை பெருமளவு ஏற்கெனவே நிறைவேறிவிட்டது. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம், அதாவது போக்சோ சட்டம், 2012-ஆம் ஆண்டு நவம்பர் 14-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. 2019-ஆம் ஆண்டில் அது திருத்தப்பட்டபோது, 16 வயதுக்குட்பட்ட குழந்தையை வன்புணர்வு செய்வோருக்குக் குறைந்தபட்சத் தண்டனை 20 ஆண்டுகள் என உயர்ந்தது. மிகக் கொடிய குற்றங்களுக்கு மரண தண்டனை வரை விதிக்கலாம் என்ற பிரிவும் சேர்க்கப்பட்டது.

ஆனால், தண்டனை என்பது வழக்கின் கடைசிக் கட்டம். அதற்கு வெகு முன்பே பாதிக்கப்பட்ட குழந்தை, குடும்பம், காவல் நிலையம், மருத்துவமனை, நீதிமன்றம் என ஒவ்வொரு வாசலையும் கடந்து வர வேண்டியிருக்கிறது. போக்சோ சட்டத்தின் தனித்தன்மை, அந்த ஒவ்வொரு வாசலிலும் குழந்தைக்கு ஒரு பாதுகாப்பை எழுதி வைத்திருப்பதுதான். அந்தப் பாதுகாப்புகள் எவை, உச்ச நீதிமன்றம் அவற்றை எவ்வாறு விளக்கியுள்ளது என்பதைப் பார்ப்போம்.

தகவல் அளிப்பது யாருடைய கடமை?

18 வயது நிறைவடையாத ஆண், பெண் குழந்தைகள் அனைவரும் இச்சட்டத்தின் பாதுகாப்புக்கு உரியவர்கள். பதிவாகும் வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவற்றில் குற்றம் சாட்டப்பட்டவர் குழந்தைக்கு முன்பே அறிமுகமானவர் என்பதை தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகள் தொடர்ந்து காட்டுகின்றன. உறவினர், அண்டை வீட்டார், ஆசிரியர் என நெருங்கியவர் மீதே குற்றச்சாட்டு எழும்போது, மறைத்துவிடும் எண்ணம் வலுப்பெறுகிறது.

இதை முன்னுணர்ந்தே, குற்றம் நடந்ததை அறிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவிப்பதைச் சட்டத்தின் 19-ஆவது பிரிவு கட்டாயமாக்கியது. தவறினால் ஆறு மாதம் வரை சிறைத் தண்டனை உண்டு. தமக்குக் கீழ் பணிபுரிபவரின் குற்றத்தை நிறுவனத் தலைவர் மறைத்தால் ஓராண்டு வரை தண்டனை விதிக்கலாம். நல்லெண்ணத்துடன் தகவல் தருபவர் மீது வழக்குத் தொடர முடியாது. தகவல் தெரிவிக்காததற்காகக் குழந்தையைத் தண்டிக்கவும் முடியாது.

மகாராஷ்டிரத்தில் விடுதி மாணவிகள் பாதிக்கப்பட்ட வழக்கு ஒன்றில், குற்றம் நடந்தது தெரிந்தும் தகவல் தரவில்லை எனக் குற்றம் சாட்டப்பட்ட மருத்துவர் மீதான நடவடிக்கையை மும்பை உயர் நீதிமன்றம் ரத்து செய்திருந்தது. 2022 நவம்பரில் அந்த உத்தரவை நீக்கிய உச்ச நீதிமன்றம், தெரிந்தும் தெரிவிக்காமல் இருப்பது கடுமையான குற்றம் என்றும், அது குற்றவாளியைக் காக்கும் முயற்சியாகவே அமையும் என்றும் சுட்டிக்காட்டியது.

காவல்துறைக்கு உள்ள கட்டுப்பாடுகள்

குழந்தையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலோ, அது விரும்பும் இடத்திலோ பதிவு செய்ய வேண்டும். கூடுமானவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரியே அதைச் செய்ய வேண்டும். அப்போது சீருடை அணிந்திருக்கக் கூடாது. எக்காரணம் கொண்டும் குழந்தையை இரவில் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்கும் சிறப்பு நீதிமன்றத்துக்கும் தகவல் தர வேண்டும். முதல் தகவல் அறிக்கை பதிவாகாத நிலையிலும் மருத்துவப் பரிசோதனை நடத்தலாம். சிறுமியைப் பெண் மருத்துவரே பரிசோதிக்க வேண்டும்.

நீதிமன்றத்தில் கேள்வி கேட்பது யார்?

குழந்தை மிகவும் அஞ்சும் இடம் சாட்சிக் கூண்டு. வழக்கமான குற்ற வழக்கில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் சாட்சியை நேரடியாகக் குறுக்கு விசாரணை செய்வார். போக்சோ வழக்கில் அவ்வாறு செய்ய முடியாது. அரசு வழக்கறிஞராயினும் எதிர்த்தரப்பு வழக்கறிஞராயினும் தமது கேள்விகளை நீதிபதியிடம் தர வேண்டும். நீதிபதியே அவற்றைக் குழந்தையிடம் கேட்பார் என்கிறது 33-ஆவது பிரிவு. மிரட்டும் தொனியிலான கேள்விகளுக்கும், குழந்தையின் நடத்தையை இழிவுபடுத்தும் கேள்விகளுக்கும் இடமில்லை. சாட்சியம் அளிக்க மீண்டும் மீண்டும் அழைக்கவும் கூடாது.

குற்றம் சாட்டப்பட்டவர் குழந்தையின் கண்ணில் படாதவாறு திரையோ, காணொலி வசதியோ ஏற்படுத்த வேண்டும். 2004-ஆம் ஆண்டு 'சாக்ஷி' வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிகளே பிற்காலத்தில் இச்சட்டத்தின் பிரிவுகளில் இடம்பெற்றன. எதிர்த்தரப்பின் உரிமை இதனால் பறிபோவதில்லை. கேள்வி கேட்கும் உரிமை நீடிக்கிறது. கேட்கும் முறை மட்டுமே மாறுகிறது.

சட்டத்தின் சொற்களை எவ்வாறு வாசிப்பது?

சட்டம் எவ்வளவு தெளிவாக எழுதப்பட்டிருந்தாலும், அதற்குப் பொருள் கூறுபவர் நீதிபதி. 12 வயதுச் சிறுமி தொடர்பான வழக்கில், உடலோடு உடல் நேரடியாகத் தொடாததால் போக்சோவின் 'பாலியல் தாக்குதல்' பிரிவு பொருந்தாது என்று மும்பை உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் கிளை 2021 ஜனவரியில் தீர்ப்பளித்தது. அப்படியானால் கையுறை அணிந்து தொடுபவர் தப்பிவிடுவாரே என்று அப்போதைய அட்டர்னி ஜெனரல் கே.கே.வேணுகோபால் உச்ச நீதிமன்றத்தில் வாதிட்டார். அதே ஆண்டு நவம்பர் 18-ஆம் தேதி அந்தத் தீர்ப்பு ரத்தானது. பாலியல் நோக்கமே முக்கியம், ஆடை இடையில் இருந்ததா என்பதல்ல என உச்ச நீதிமன்றம் விளக்கியது.

இணையக் குற்றத்திலும் இதே கேள்வி எழுந்தது. குழந்தைகளின் ஆபாசப் பதிவுகளைத் தனிமையில் பார்ப்பது மட்டும் குற்றமாகாது எனக் கூறி, ஒரு வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜனவரியில் ரத்து செய்தது. செப்டம்பர் 23-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. அத்தகைய பதிவை அழிக்காமலும் புகார் செய்யாமலும் பகிரும் நோக்குடன் வைத்திருந்தால், உண்மையில் பகிராவிட்டாலும் குற்றமே என்றது. 'சைல்ட் போர்னோகிராபி' என்ற சொல்லை நீதிமன்றங்கள் தவிர்க்க வேண்டும், 'குழந்தைகள் பாலியல் சுரண்டல் மற்றும் வன்கொடுமைப் பதிவுகள்' என்றே குறிப்பிட வேண்டும் என்றும் அறிவுறுத்தியது. ஒவ்வொரு பதிவுக்குப் பின்னும் பாதிக்கப்பட்ட ஒரு குழந்தை இருப்பதைப் பழைய சொல் மறைத்துவிடுகிறது என்பதே காரணம்.

சமரசம் செல்லுமா?

குடும்பங்களுக்குள் பேசி முடித்துக்கொள்வது இத்தகைய வழக்குகளைப் பலவீனப்படுத்தும் மற்றொரு காரணம். ராஜஸ்தானில் ஆசிரியர் ஒருவர் மீதான வழக்கை, மாணவியின் குடும்பத்துடன் சமரசம் ஏற்பட்டதை ஏற்று அம்மாநில உயர் நீதிமன்றம் ரத்து செய்திருந்தது. 2024 நவம்பர் 7-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை நீக்கி, இது இரு குடும்பங்களுக்கு இடையிலான தனிப்பட்ட தகராறு அல்ல, சமுதாயத்துக்கு எதிரான குற்றம் என்று கூறியது.

காகிதத்துக்கும் நடைமுறைக்கும் இடையே

வழக்கை ஏற்ற 30 நாள்களுக்குள் குழந்தையின் சாட்சியம் பதிவாக வேண்டும்; கூடியவரை ஓராண்டுக்குள் விசாரணை முடிய வேண்டும் என்கிறது சட்டம். நூற்றுக்கு மேற்பட்ட போக்சோ வழக்குகள் தேங்கிய மாவட்டங்களில் தனி நீதிமன்றம் அமைக்க உச்ச நீதிமன்றம் 2019 ஜூலையில் உத்தரவிட்டதே, இந்தக் கால வரம்பு பல இடங்களில் காக்கப்படவில்லை என்பதற்குச் சான்று. விசாரணை நீளும்போது குழந்தை வளர்கிறது, நினைவு மங்குகிறது, குடும்பத்தின் மீது அழுத்தம் கூடுகிறது.

இந்த இடைவெளியின் விலையை மேற்கு வங்க வழக்கு ஒன்று உணர்த்தியது. 14 வயதில் வீட்டை விட்டுச் சென்று, பின்னர் அதே நபருடன் குடும்பம் நடத்திவந்த பெண்ணின் நிலையை ஆராய உச்ச நீதிமன்றம் குழு அமைத்தது. நடந்தது சட்டப்படி குற்றமாயினும், அதைவிட அதன் பிறகான வழக்குப் போராட்டமே அவரை அதிகம் காயப்படுத்தியது எனத் தெரியவந்தது. சமுதாயமும் சட்ட அமைப்பும் குடும்பமும் அவரைக் கைவிட்டதைக் குறிப்பிட்ட நீதிமன்றம், தனது சிறப்பு அதிகாரத்தைப் பயன்படுத்தி, 2025 மே மாதம் குற்றவாளிக்குத் தண்டனை விதிக்காமல் விட்டது. பாலுறவுக்கான சம்மத வயதை 18-லிருந்து குறைக்க வேண்டாம் என 2023-இல் பரிந்துரைத்த சட்ட ஆணையமும், 16 முதல் 18 வயதுக்குட்பட்டோரின் விருப்ப உறவு தொடர்பான வழக்குகளில் தண்டனை விதிப்பதில் நீதிபதிக்கு வழிகாட்டலுடன் கூடிய விருப்புரிமை வேண்டும் என்றது.

குடும்பங்கள் கேட்டுப் பெற வேண்டியவை

வழக்கு முடியும்வரை குழந்தைக்குத் துணை நிற்க ஆதரவு நபர் ஒருவரைக் குழந்தைகள் நலக் குழு நியமிக்க முடியும். இந்த வாய்ப்பும் உரிமையும் ஒவ்வொரு வழக்கிலும் பெற்றோருக்குத் தெரிவிக்கப்பட வேண்டும் என 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் கூறியது. தீர்ப்புக்குக் காத்திராமல் இடைக்கால இழப்பீடு கோரலாம். குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி என அடையாளம் காட்டும் எதையும் ஊடகமோ சமூக வலைதளமோ வெளியிட்டால் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. 1098 என்ற எண்ணில் குழந்தைகள் உதவி மையத்தை இலவசமாகத் தொடர்புகொள்ளலாம்.

இவற்றைப் பெற புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. சீருடை இல்லாமல் வரும் அதிகாரியும், கேள்விகளைத் தாமே கேட்கும் நீதிபதியும், உரிய நேரத்தில் நியமிக்கப்படும் ஆதரவு நபருமே போதும். குற்றத்தைச் சொல்ல முன்வரும் குழந்தை கடைசிவரை நிலைத்து நிற்குமா என்பது, 20 ஆண்டுத் தண்டனையைவிட இவர்களையே அதிகம் சார்ந்திருக்கிறது.