தாடைக்குள் இரண்டு பேரிங்!



மூட்டுவாதம் என்றதும் நம் ஞாபகத்துக்கு வருவது, முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கும் பாட்டிதான். "சின்னப் பிள்ளைக்கு எங்கடா மூட்டுவாதம் வரும்?" என்று எங்கள் வீட்டிலும் கேட்டார்கள். வரும்! லண்டனில் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனையில் இருந்த ஜார்ஜ் ஃபிரடெரிக் ஸ்டில் என்ற டாக்டர் 1897-லேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார்.

16 வயதுக்குள் தொடங்கி, ஆறு வாரமாவது நீடித்து, வேறு காரணம் எதுவும் பிடிபடாத மூட்டு அழற்சிக்கு 'ஜுவனைல் இடியோபதிக் ஆர்த்ரைட்டிஸ்' என்று பெயர். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தியே மூட்டைத் தாக்குகிறது. முழங்கால் வீங்கினால் கண்ணுக்குத் தெரியும். தாடை மூட்டில் பல குழந்தைகளுக்கு வீக்கமும் தெரியாது, வலியும் இருக்காது. அதுதான் ஆபத்து.

நம் மெக்கானிக்கல் பாஷையில் சொல்கிறேன். காதுக்கு முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடுங்கள். விரலுக்கு அடியில் ஏதோ ஓடுகிறதா? அதுதான் தாடை மூட்டு. கீழ்த்தாடை ஒரே எலும்பு. அதன் இரு முனையிலும் ஒவ்வொரு மூட்டு. ஒரு ஷாஃப்டை இரண்டு பேரிங் தாங்குகிற மாதிரி! கதவுக் கீல் போலச் சுழலும், லேத் கேரியேஜ் போல முன்னேயும் நகரும். நடுவில் வாஷர் மாதிரி ஒரு மெத்தென்ற தட்டு. ஒரு பக்கம் கெட்டால் மறுபக்கமும் சரியாக ஓடாது.

ஆனால் பேரிங் வளராது, குழந்தையின் தாடை வளர வேண்டும். கை, கால் எலும்புகளில் வளரும் பகுதி மூட்டுப் பரப்பிலிருந்து கொஞ்சம் தள்ளி இருக்கிறது. கீழ்த்தாடையிலோ வளர்ச்சிக் குருத்தெலும்பு மூட்டின் தலையிலேயே, மெல்லிய உறைக்கு அடியில் இருக்கிறது. அழற்சி அதை அரித்தால் அந்தப் பக்கத் தாடை குட்டையாகிவிடும், முகவாய் அந்தப் பக்கம் கோணும். இரண்டு பக்கமும் கெட்டால் முகவாய் உள்வாங்கும்.

கண்டுபிடிப்பது எப்படி? முதல் கருவி சாதாரண ஸ்கேல்தான்! வாயை முழுக்கத் திறக்கச் சொல்லி, மேல், கீழ் முன்பற்களுக்கு நடுவே எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்து குறித்து வைக்கிறார்கள். போன தடவையைவிடக் குறைந்திருக்கிறதா என்பதே கேள்வி. திறக்கும்போது முகவாய் ஒரு பக்கம் இழுக்கிறதா என்றும் பார்க்கிறார்கள். எலும்பு தேய்ந்த பிறகுதான் எக்ஸ்ரேயில் தெரியும். அதற்கு முன்பே அழற்சியைக் காட்டுவது, நரம்பில் மருந்து ஏற்றி எடுக்கும் எம்.ஆர்.ஐ. ஸ்கேன்.

சிகிச்சை படிப்படியாகப் போகும். முதலில் நாப்ராக்சன், ஐபுப்ரோஃபென் போன்ற மருந்துகள். அடங்காவிட்டால் மெத்தோட்ரெக்சேட். அதற்கும் மசியாவிட்டால் அடாலிமுமாப் போன்ற பயாலஜிக் ஊசிகள். அமெரிக்க மூட்டுவாத மருத்துவக் கல்லூரியின் 2021-ஆம் ஆண்டு வழிகாட்டியும் ஏறக்குறைய இந்த வரிசையைத்தான் சொல்கிறது. மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசியும் உண்டு. ஆனால் தாடையில் அதைத் திரும்பத் திரும்பப் போட்டால் வளர்ச்சி குறையலாம், மூட்டுக்குள் வேண்டாத எலும்பு முளைக்கலாம் என்பதால் யோசித்தே போடுகிறார்கள்.

பல் மருத்துவருக்கும் இதில் வேலை இருக்கிறது. பற்களின் மேல் மாட்டும் அக்ரிலிக் தட்டு ஒன்று செய்கிறார்கள். டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரப் பல் மருத்துவர்கள், பாதித்த பக்கம் மட்டும் அந்தத் தட்டின் உயரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, தாடை கீழ்நோக்கி வளர இடம் கொடுக்கிறார்கள். நாம் மெஷினுக்கு அடியில் ஷிம் வைத்து லெவல் பார்க்கிறோமே, அதே கதைதான்! வளர்ச்சி நின்ற பிறகும் கோணல் இருந்தால் ஆபரேஷன் செய்து சரிப்படுத்தலாம்.

இதையெல்லாம் நான் தெரிந்துகொண்டது என் அக்கா மகளால். வீட்டில் இங்கிலீஷ் மருந்துச் சீட்டைப் படிப்பவன் நான் ஒருவன்தான். மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரே தடவை. தவறி தினமும் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து! அதனால் காலண்டரில் புதன்கிழமைகளுக்கு மட்டும் வட்டம் போட்டுக் கொடுத்தேன். ரத்தப் பரிசோதனைத் தேதிகளையும் குறித்தேன். "பிள்ளை வலியே இல்லைங்குது, மாத்திரை எதுக்குடா?" என்று அம்மா கேட்டார். "சத்தம் வந்த பிறகு பிரிச்சா பேரிங் போயிருக்கும்மா" என்றேன். புரிந்துகொண்டார்.

நண்பர்களே! மூட்டு வீக்கம் உள்ள குழந்தை உங்கள் தெருவிலும் இருக்கலாம். முறுக்கு கடிக்கத் தயங்கினால், காலையில் வாய் திறக்கச் சிரமப்பட்டால், முகவாய் ஒரு பக்கம் போனால், பல்வலி என்று விட்டுவிடாதீர்கள். மூட்டுவாத டாக்டரிடம் "தாடையையும் பாருங்கள்" என்று கேட்கச் சொல்லுங்கள். மருந்தை முடிவு செய்ய வேண்டியவர் டாக்டர். காலத்தோடு சொல்லி அனுப்ப வேண்டியவர்கள் நாம். ஒர்க் ஷாப்பில் பேரிங் போனால் ஸ்டோரில் புதிது வாங்கலாம், வளரும் பிள்ளைக்கு அப்படி ஸ்டோர் கிடையாது!