கணக்கறிந்தோர்க்குக் கலைப் பரிசு

பரிசில் பெறுதலும் பரிசில் நல்குதலும் பழந்தமிழர் வாழ்வில் உயர்ந்த ஒழுகலாறுகளாகத் திகழ்ந்தன. புறநானூற்றின் 208ஆம் பாடல் இவ்வகையில் நம் சிந்தனைக்குரியது. பெருஞ்சித்திரனார் தம்மை நாடி வந்திருந்தும், அதியமான் நெடுமான் அஞ்சி அவரை நேரிற் காணாமலே பரிசிலைக் கொடுத்தனுப்பினான். புலவர் அதனை ஏற்கவில்லை. தம் தகுதியை அறிந்து தருவதாயின் தினையளவே ஆயினும் தமக்கு இனிது என்பது அவர் கொள்கை. பரிசிலின் பெருமை பொருளில் இல்லை, பெறுவோரைக் 'கண்டு' கொடுப்பதில் உள்ளது என்பதை இதனினும் தெளிவாக உணர்த்த இயலாது.

இப்பாடலை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்தி வரும் நாங்களே ஒருமுறை அதியமான் செய்த பிழையைச் செய்தோம். முப்பதாண்டுகள் கணிதம் கற்பித்த பேராசிரியர் ஒருவர் பணி நிறைவு பெற்றபோது, எங்கள் துறையின் சார்பில் பொன்னாடையும் சுவர்க் கடிகாரமும் அளித்தோம். அவர் மகிழ்வோடுதான் ஏற்றுக்கொண்டார். ஆயினும், அக்கடிகாரம் எவருக்கும் கொடுத்திருக்கக் கூடியதே என்னும் எண்ணம் பின்னர் எங்களை உறுத்தியது. 'கணக்கறிந்தவர்க்குக் கலைப்பொருள் எதற்கு?' என்னும் தயக்கமே அப்பிழைக்குக் காரணம். எண்ணையும் எழுத்தையும் இரு கண்களாகப் போற்றும் மரபில் வந்த நாம் அவ்வாறு தயங்குதல் தகுமா? கணிதமும் அறிவியலும் விரும்புவோர்க்குரிய கலைப் பரிசுகளை எவ்வாறு தேர்ந்தெடுப்பது என்பதை ஈண்டுக் காண்போம்.

முதலில் தவிர்க்க வேண்டியது

சூத்திரங்கள் அச்சிட்ட தேநீர்க் கோப்பையும், ஐன்ஸ்டைன் உருவம் பொறித்த பையும் கடைகளில் எளிதிற் கிடைக்கும். இவை அறிவியலை மேலாடையாகப் போர்த்திக்கொண்டவை. கோப்பையிலுள்ள சூத்திரத்தை அழித்துவிட்டாலும் கோப்பை கோப்பையாகவே இருக்கும். கணிதத்தை நீக்கினால் கலையும் நில்லாது என்னும்படி இரண்டும் பிணைந்திருக்கும் படைப்பே நாம் தேட வேண்டியது.

எண்ணில் ஈடுபாடுடையோர்க்கு

செர்மானிய ஓவியர் ஆல்பிரக்ட் டியூரர் 1514இல் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்ட 'மெலங்கோலியா' என்னும் ஓவியத்தின் படி ஒன்றைத் தரலாம். சிந்தனையில் ஆழ்ந்த சிறகுடைய உருவத்தின் பின்னே, சுவரில் பதினாறு கட்டங்களைக் கொண்ட மாயச்சதுரம் ஒன்று காணப்படும். எந்த வரிசையைக் கூட்டினும் 34. எந்த நெடுவரிசையைக் கூட்டினும் 34. மூலைவிட்டங்களும், நான்கு மூலைகளும், நடுவிலுள்ள நான்கு கட்டங்களும் அவ்வாறே. கீழ்வரிசையின் நடுவில் 15, 14 என்னும் எண்கள் அடுத்தடுத்து நின்று, ஓவியம் பிறந்த ஆண்டையும் சொல்லிவிடுகின்றன. எண்ணை விரும்புவோர் இவ்வோவியத்தின்முன் நெடுநேரம் நிற்பர் என்பதில் ஐயமில்லை.

வடிவியலில் ஈடுபாடுடையோர்க்கு

இத்துறையில் இஸ்லாமியக் கட்டடக் கலை வழங்கும் செல்வம் அளவிறந்தது. ஒரு சதுரத்தின்மேல் அதே அளவுள்ள மற்றொரு சதுரத்தை 45 பாகை திருப்பி வைத்தால் எண்முனை விண்மீன் கிடைக்கும். அத்தகைய விண்மீன்களை முனையோடு முனை தொடுமாறு வரிசையாக அடுக்கினால், இடைவெளிகள் தாமாகவே கூரிய நுனிகளையுடைய சிலுவை வடிவங்களாகின்றன. இரு விண்மீன்கள் தொடும் புள்ளியை நோக்குக: விண்மீன் முனைகள் இரண்டும் செங்கோணங்கள், சிலுவை நுனிகள் இரண்டும் செங்கோணங்கள். நான்கும் சேர்ந்து 360 பாகை. எனவேதான் சுவரில் ஊசிமுனை இடமும் எஞ்சுவதில்லை. பாரசீக நாட்டின் காஷான் நகரக் கைவினைஞர் 13ஆம் நூற்றாண்டில் இவ்வகை ஓடுகளைப் பெருமளவில் வனைந்தனர்.

இக்கைவினைஞர்க்கும் கணித அறிஞர்க்கும் இடையே உறவு இருந்தது. பத்தாம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த கணித மேதை அபுல் வஃபா அல்-பூஸ்ஜானி, கைவினைஞர்க்கு வேண்டிய வடிவியலைப் பற்றித் தனி நூலே இயற்றினார். சமமான மூன்று சதுரங்களை வெட்டி இணைத்து ஒரே சதுரமாக்குவது எவ்வாறு என்னும் வினாவை அதில் ஆராய்கிறார். கண்ணுக்குச் சரியெனத் தோன்றும் வழி வேறு, நிறுவப்பட்ட வழி வேறு என்பதை அவர் சுட்டுகிறார். கைக்கும் கருத்துக்கும் இடையே அவர் அமைத்த பாலம் அது.

ஐங்கோணத்தின் வரலாறு இன்னும் வியப்புக்குரியது. ஒழுங்கு ஐங்கோணத்தின் ஒரு கோணம் 108 பாகை. மூன்றைச் சேர்த்தால் 324. எஞ்சும் 36 பாகையில் நான்காவது புகாது. ஆதலின் ஐங்கோணங்களால் மட்டும் தரையை நிரப்ப இயலாது. இசுபகான் நகரில் 1453இல் எழுந்த தர்பே இமாம் கட்டடத்தின் ஓட்டு வேலையோ, ஐந்தும் பத்தும் சார்ந்த சமச்சீரைப் பல்வகை ஓடுகளின் துணையால் பரந்த பரப்பில் விரிக்கிறது. அதன் அமைப்பு, 1970களில் ரோஜர் பென்ரோஸ் கண்டறிந்த திரும்ப வாராத அடுக்குமுறையை நெருங்கி நிற்பதைப் பீட்டர் லூ, பால் ஸ்டைன்ஹார்ட் ஆகியோர் 2007இல் வெளியிட்டனர். அத்தகைய ஒழுங்கை உலோகக் கலவையில் 1982இல் கண்டு, தொடக்கத்தில் ஏளனத்திற்கு ஆளான டான் ஷெக்ட்மன், 2011இல் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்றார். இக்கட்டடத்தின் படம் ஒன்று கணிதர், இயற்பியலார், வேதியியலார் மூவருக்கும் பொருந்தும். உயிருருவங்களைச் சுவரில் மாட்ட விரும்பாத இல்லங்களுக்கும் இது ஏற்றது.

நெதர்லாந்து ஓவியர் எஷரின் அச்சோவியங்களும் குறிப்பிடத்தக்கன. 1922இலும் 1936இலும் ஸ்பெயின் நாட்டின் அல்ஹம்ரா அரண்மனைக்குச் சென்ற அவர், அங்குள்ள ஓட்டு வேலைகளை வரைந்தெடுத்து, பின்னர் அதே இலக்கணத்தில் பறவைகளையும் மீன்களையும் இடைவெளியின்றிப் பொருத்தினார். பள்ளியில் கணக்கில் பின்தங்கியிருந்த அவரைக் கணித அறிஞர்கள் தம்மவராகவே கொண்டாடினர்.

உயிரியலும் கணிப்பொறியும்

உயிரியல் ஆர்வலர்க்கு எர்ன்ஸ்ட் ஹெக்கல் 1899 முதல் 1904 வரை வெளியிட்ட நூறு படங்களுள் ஒன்று ஏற்றது. ரேடியோலேரியா என்னும் கடல் நுண்ணுயிர்களின் கண்ணாடி போன்ற கூடுகள் அவற்றில் அணிகலன்களாகத் தோன்றும். சமச்சீரை அவர் மிகைப்படுத்தினார் என்னும் குறையும் உண்டு. நுண்ணோக்கிப் படம் ஒன்றையும் உடன் வைத்துக் கொடுத்தால், ஒப்பிட்டு நோக்கும் இன்பமும் கிட்டும்.

கணிப்பொறி பயில்வோர்க்கு நம் வாசலிலேயே பரிசு இருக்கிறது. புள்ளிகளைச் சுற்றி வளையும் கம்பிக் கோலத்திற்கு இலக்கணம் உண்டு எனக் கண்டு, கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் 1974இல் ஆய்வுரை வெளியிட்டனர். சில விதிகளை மீண்டும் மீண்டும் செயற்படுத்திச் சிறு கோலத்தைப் பெருங்கோலமாக வளர்க்கலாம் என்பது அதன் சாரம். இலக்கணம் எழுத்துக்கும் சொல்லுக்கும் மட்டும் உரியதன்று என்பது தமிழ் பயில்வோராகிய நமக்கும் பெருமையன்றோ? அவ்வாறே, திருநெல்வேலிச் சீமையின் பத்தமடையில் லெப்பைக் குடும்பத்தினர் நெய்யும் மெல்லிய கோரைப் பாயையும் தரலாம். பாவு நூலுக்கு மேலா, கீழா என்னும் இரண்டே நிலைகளால் உருவாகும் அப்பாய், சுழி, ஒன்று என்னும் இரண்டே குறிகளால் இயங்கும் கணிப்பொறியை நினைவூட்டும். மணமக்கள் பெயர்களை அதில் நெய்து தரும் வழக்கமும் உண்டு.

கொடுக்கும் முறை

எப்பரிசாயினும் மூன்றை நினைவிற் கொள்ளுதல் நலம். ஒன்று, பெறுவோர் எத்துறையில் உள்ளம் தோய்ந்தவர் என்பதை முன்னரே கேட்டறிதல். இரண்டு, படைத்தவர், ஆண்டு, இடம், நோக்க வேண்டிய நுட்பம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி இணைத்தல். மூன்று, அவர் கைக்கும் சிறிது வேலை வைத்தல். விண்மீன் ஓட்டின் படத்தோடு ஒரு கவராயமும் அளவுகோலும் வெள்ளைத் தாளும் சேர்த்தால், பெறுவோர் பார்ப்பவர் என்னும் நிலையிலிருந்து படைப்பவராக உயர்கிறார். இதற்காகும் செலவு ஒரு பொன்னாடையின் விலையினும் குறைவே. பணமில்லாத மாணவரும் தம் கையாலேயே அவ்விண்மீனை வரைந்து ஆசிரியர்க்கு அளிக்கலாம்.

கடிகாரம் பெற்ற பேராசிரியர் இன்றும் எங்கள் ஊரிலேயே வாழ்கிறார். இம்மலர் வெளிவந்ததும் இதன் படி ஒன்றோடு, இசுபகான் ஓட்டு வேலையின் படத்தையும் ஒரு கவராயத்தையும் எடுத்துக்கொண்டு அவர் இல்லம் செல்ல எண்ணியுள்ளோம். ஐங்கோணம் ஏன் தரையை நிரப்பாது என்பதை அவர் எங்களுக்கு விளக்குவார். பெருஞ்சித்திரனார் ஏன் பரிசிலை மறுத்தார் என்பதை நாங்கள் அவருக்குச் சொல்வோம். காணாது கொடுத்த கடனை, கண்டு தீர்ப்பதே முறை.