உறைகுளிர் நரம்புத் தடை

உறைகுளிர் நரம்புத் தடை என்பது வலியை எடுத்துச் செல்லும் நரம்பின் ஒரு சிறு பகுதியைக் கடுங்குளிரால் உறையச் செய்து, அந்நரம்பைச் சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை செயலிழக்க வைக்கும் மருத்துவ முறையாகும். ஆங்கில மருத்துவ நூல்கள் இதனைக் கிரையோநியூரோலிசிஸ் என்று குறிப்பிடுகின்றன. மார்ஃபின் போன்ற அபினிசார் மருந்துகள் இம்முறையில் பயன்படுவதில்லை. நெஞ்சறை அறுவை, விலா எலும்பு முறிவு ஆகியவற்றின் வலிக்குப் பயன்பட்டு வந்த இது, 2020களில் மார்பகப் புற்றுநோய் முதலியவற்றுக்காக மார்பகத்தை அகற்றும் அறுவைக்குப் பின் வரும் வலிக்கும் ஆராயப்பட்டது. பெரிய புற்றுநோய் மருத்துவ மையங்களிலிருந்து தொலைவில் உள்ள தேனி மாவட்டம், கம்பம் பள்ளத்தாக்கு போன்ற பகுதிகளுக்கு இம்முறை எந்த அளவு பொருந்தும் என்பதும் இக்கட்டுரையில் கூறப்படுகிறது.

வலியின் தன்மை

மார்பகத் தோலின் உணர்வைப் பெரும்பாலும் இரண்டாம் முதல் ஆறாம் விலா இடை நரம்புகள் எடுத்துச் செல்கின்றன. தண்டுவடத்திலிருந்து புறப்படும் இவை விலா எலும்பின் கீழ் விளிம்பை ஒட்டி ஓடி, பக்கவாட்டிலும் மார்பின் நடுப்பகுதியிலும் கிளைவிட்டுத் தோலை அடைகின்றன. இரண்டாம் நரம்பின் ஒரு கிளை அக்குளைக் கடந்து மேற்கையின் உட்புறத்துக்குச் செல்கிறது. அக்குளில் உள்ள நிணநீர்க் கணுக்களை அகற்றும்போது இக்கிளை அறுபடவோ இழுபடவோ கூடும். அறுவை நடந்தது மார்பில் என்றாலும் எரிச்சலும் மரத்துப்போன உணர்வும் கையில் தோன்றுவது இதனால்தான். புண் ஆறிய பின்னும் மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் வலி நாள்பட்ட வலி எனப்படும். மார்பக அறுவை செய்துகொண்டவர்களில் ஐவரில் ஒருவர் முதல் இருவரில் ஒருவர் வரை இத்தகைய வலிக்கு ஆளாவதாகப் பல்வேறு ஆய்வுகள் தெரிவிக்கின்றன. அறுவைக்குப் பிந்தைய முதல் சில நாட்களில் கடும் வலி இருந்தவர்களுக்கே நாள்பட்ட வலி வரும் வாய்ப்பு மிகுதி.

இவ்வலியின் விளைவு செய்யும் தொழிலைப் பொறுத்தும் மாறும். கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைக் கொடி பந்தலில் படரவிடப்படுகிறது. 2023 இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர்த் திராட்சையும் பந்தல் பயிரே. கவாத்து செய்தல், கொத்து அறுத்தல் ஆகிய யாவும் தலைக்கு மேல் கையைத் தூக்கிச் செய்யும் வேலைகள். அறுவைக்குப் பின் வலிக்கு அஞ்சிக் கையை அசைக்காமல் வைத்திருப்பவருக்குத் தோள்மூட்டு இறுகிவிடுகிறது. இறுகிய தோளை மீட்க மாதக்கணக்கில் பயிற்சி வேண்டும். முதல் சில வாரங்களின் வலி அடங்கினால்தான் கைப்பயிற்சியை உரிய காலத்தில் தொடங்க இயலும். பந்தல் வேலைக்குச் செல்லும் பெண்ணுக்கு இது கூலியைப் பற்றிய கேள்வியும் ஆகும்.

வழக்கமான உணர்வகற்றும் ஊசிகள் இந்த இடைவெளியை நிரப்புவதில்லை. பியூபிவக்கெய்ன் போன்ற மருந்தை ஒருமுறை நரம்பருகே செலுத்தினால் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் அதன் பயன் தீர்ந்துவிடும். மெல்லிய குழாயைப் பொருத்தித் தொடர்ந்து செலுத்தினால் சில நாட்கள் நீட்டிக்கலாம். ஆனால் வலியோ வாரக்கணக்கில் நீடிப்பது.

செயற்படும் முறை

அழுத்தப்பட்ட வாயு ஒரு குறுகிய துளை வழியாக விரிவடையும்போது குளிர்கிறது. 1850களில் ஜூல், தாம்சன் என்னும் இரு அறிவியலாளர்கள் விளக்கியதால் இது ஜூல்–தாம்சன் விளைவு எனப்படுகிறது. தீயணைப்பானிலிருந்து கரியமில வாயு பீறிடும்போது அதன் வாயில் வெண்பனி படிவதைப் பலரும் கண்டிருக்கலாம். உறைகுளிர்க் கருவியின் ஊசி முனை மூடப்பட்டது. உள்ளே உள்ள நுண்குழாய் வழியாகச் செல்லும் நைட்ரசு ஆக்சைடு அல்லது கரியமில வாயு முனைக்கருகில் விரிவடைந்து குளிர்ந்து, வெளிக்குழாய் வழியாகத் திரும்பிவிடுகிறது. எனவே உடலுக்குள் வாயுவோ மருந்தோ சேர்வதில்லை. முனையைச் சுற்றி ஒரு சிறு பனி உருண்டை உருவாகி நரம்பைச் சூழ்கிறது. ஒரு நரம்புக்கு இரண்டு, மூன்று நிமிடங்கள் போதுமானவை.

வெப்பநிலையே இங்கு முதன்மையானது. ஏறத்தாழ −20 பாகை செல்சியசுக்குக் கீழே நரம்பிழை சிதையத் தொடங்குகிறது. ஆனால் நரம்பிழையைச் சூழ்ந்துள்ள இணைப்புத் திசு உறை அழியாமல் நிற்கிறது. சிதைந்த இழை அவ்வுறையின் வழியே நாளொன்றுக்கு 1 முதல் 2 மில்லிமீட்டர் வீதம் மீண்டும் வளர்கிறது. அது வளர்ந்து தோலை அடையும் வரை வலி கடத்தப்படுவதில்லை. குளிர் −140 பாகையையும் தாண்டினால் உறையும் அழிந்து, மீள்வளர்ச்சி ஒழுங்கற்றதாகலாம். நைட்ரசு ஆக்சைடு −88 பாகைக்குக் கீழே செல்லாது. வாயுவின் இயல்பே இங்கு ஒரு பாதுகாப்பாக அமைந்துவிடுகிறது.

வரலாறு

குளிர் வலியை மழுக்கும் என்பது பழைய அறிவு. நெப்போலியனின் படை மருத்துவர் லாரே, 1807 இல் ஐலாவ் போர்க்களத்தின் கடும்பனியில் உறுப்பு அகற்றும்போது வீரர்களுக்கு வலி குறைந்திருந்ததைப் பதிவு செய்தார். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆங்கிலேய மருத்துவர் ஜேம்ஸ் ஆர்னாட் பனிக்கட்டியும் உப்பும் கலந்த கலவையைப் புற்றுக் கட்டிகளின் வலிக்குப் பயன்படுத்தினார். அவற்றுள் மார்பகக் கட்டிகளும் அடங்கும். 1961 இல் அமெரிக்க மருத்துவர் இர்விங் கூப்பர் நீர்ம நைட்ரசனால் குளிரும் கருவியையும், அப்பதிற்றாண்டிலேயே தென்னாப்பிரிக்கக் கண் மருத்துவர் அமோயில்சு வாயு விரிவால் குளிரும் கருவியையும் உருவாக்கினர். 1976 இல் பிரித்தானியாவின் ஜான் லாயிடும் உடன்பணியாளர்களும் நரம்பை உறைய வைத்து வலி போக்கும் முறையைப் பற்றி லான்செட் இதழில் எழுதினர்.

அக்காலத்தில் நரம்பைக் கண்ணால் கண்டு உறைய வைக்க நெஞ்சறை திறக்கப்பட்டிருக்க வேண்டும். கேளா ஒலி வரைவி பரவிய பின்னரே, தோல் வழியாக ஊசியைச் செலுத்தி நரம்பையும் பனி உருண்டையையும் திரையில் பார்த்துக்கொண்டே செய்வது எளிதாயிற்று.

மார்பக அறுவையில் ஆய்வு

கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ மருத்துவமனையில் பிரயன் இல்ஃபெல்டு குழுவினர் நடத்திய ஆய்வின் முடிவுகள் 2022 இல் இதழில் அச்சாயின. மார்பக அகற்றம் செய்துகொள்ளவிருந்த 60 பேர் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்கு விலா இடை நரம்புகள் அறுவைக்கு முன் உறைய வைக்கப்பட்டன. மறு பிரிவினருக்கு அதே போன்று ஊசி வைக்கப்பட்டும் குளிர் ஊட்டப்படவில்லை. யாருக்கு எது என்பது நோயாளிக்கும் வலியைக் கணித்தவருக்கும் தெரியாது. இரு பிரிவினருக்கும் வழக்கமான உணர்வகற்றும் ஊசியும் போடப்பட்டது. இரண்டாம் நாளில் 10க்குக் கணிக்கப்பட்ட வலியின் இடைநிலை அளவு உறைகுளிர் பெற்றவர்களிடம் 0 ஆகவும், மற்றவர்களிடம் 3 ஆகவும் இருந்தது. ஓராண்டுக்குப் பின் நாள்பட்ட வலி முன்னவர்களில் 3 விழுக்காட்டினரிடமும் பின்னவர்களில் 17 விழுக்காட்டினரிடமும் காணப்பட்டது. அபினிசார் மாத்திரைகளின் தேவையும் பெரிதும் குறைந்தது. முடிவுகள் ஊக்கமளிப்பவை. எனினும் 60 பேர், ஒரே மருத்துவ மையம் என்னும் வரம்பை மறக்கலாகாது. 17 விழுக்காடு என்பது ஐந்து பேரையே குறிக்கிறது.

அபினிசார் மருந்துகளும் இந்தியாவும்

அமெரிக்காவில் இம்முறை மீது ஆர்வம் எழுந்ததற்கு அங்குள்ள அபினிசார் மருந்துகளின் மிகைப்பயன்பாடு ஒரு காரணம். மருந்துச்சீட்டில் தொடங்கி அடிமைத்தனத்தில் முடிந்த வாழ்க்கைகள் அங்கு ஏராளம். இந்தியாவின் சிக்கல் நேர் எதிரானது. மருந்துத் தொழிலுக்காக அபினிப் பாலைச் சட்டப்படி விளைவிக்கும் நாடாக இருந்தும், இங்குள்ள நோயாளிகளுக்கு மார்ஃபின் கிடைப்பது அரிதாகவே இருந்து வந்துள்ளது. 1985 ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் ஒவ்வொரு மாநிலமும் தனித்தனி உரிமங்களைக் கேட்டதால், அடுத்த பத்தாண்டுகளில் நாட்டின் மருத்துவ மார்ஃபின் பயன்பாடு பத்தில் ஒரு பங்குக்கும் கீழே சரிந்தது. 2014 இல் சட்டம் திருத்தப்பட்டு, இன்றியமையாத அபினிசார் மருந்துகளுக்கு நாடு முழுமைக்கும் ஒரே விதிமுறை வகுக்கப்பட்டது. ஆயினும் அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகளில் மட்டுமே இவை கிடைக்கும்.

ஆகவே அபினிசாரா முறை என்னும் சிறப்பை இரு நாடுகளிலும் ஒரே பொருளில் கொள்ள இயலாது. அங்கு அது மருந்தைக் குறைக்கும் வழி; இங்கு கிடைக்காத மருந்துக்கு மாற்று. புற்றுநோய் முற்றிய நிலையில் வரும் வலிக்கு மார்ஃபின் இன்றியமையாதது. நரம்பை உறைய வைக்கும் கருவி ஒன்று வந்துவிட்டது என்பதற்காக அதன் வழங்கலைத் தள்ளிப்போடுவது பெரும் பிழையாகும். கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து குமுளி மலைப்பாதையைக் கடந்தால் வருவது கேரளம். கோழிக்கோட்டில் 1993 இல் தொடங்கிய வலி தணிப்பு இயக்கம், தன்னார்வலர்களைக் கொண்டு வாய்வழி மார்ஃபினை வீடுகள் வரை கொண்டு சென்று காட்டியது.

தேனியும் கம்பம் பள்ளத்தாக்கும்

மேற்கே ஏலமலையும் கிழக்கே மேகமலை, வருசநாட்டு மலைகளும் சூழ்ந்த பள்ளத்தாக்கில் கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் ஆகிய ஊர்கள் உள்ளன. மாவட்டத்தின் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஆண்டிப்பட்டி வட்டத்தில் க. விலக்கில் அமைந்துள்ளது. கம்பத்திலிருந்து அது ஏறத்தாழ 50 கி.மீ. தொலைவு, மதுரைக்கோ 100 கி.மீ.க்கு மேல். அறுவை முடிந்து சில நாட்களில் வீடு திரும்பும் பெண், அதன்பின் வரும் வலியைப் பெரும்பாலும் வீட்டிலேயே எதிர்கொள்கிறார். மருத்துவமனையிலேயே முடிந்துபோகும் ஊசியைவிட, நோயாளியுடன் வீடு வரை செல்லும் வலிநீக்கம் இத்தகைய ஊர்களுக்குக் கூடுதலாகப் பொருந்தும்.

அதே தொலைவு இடரையும் மிகுவிக்கிறது. விலா இடை நரம்பிலிருந்து நுரையீரல் உறை சில மில்லிமீட்டர் தொலைவிலேயே உள்ளது. ஊசி அதைத் துளைத்தால் நெஞ்சறையில் காற்றுப் புகுந்து மூச்சுத்திணறல் ஏற்படலாம். மரத்துப்போன தோலில் சுடுநீரோ அடுப்பனலோ பட்டாலும் தெரியாது. தையலருகே சீழ் வைத்தாலும் வலி எச்சரிக்காது. ஆகவே புண்ணைக் கண்ணால் பார்த்துச் சோதிக்க வீட்டாருக்குச் சொல்லித்தர வேண்டும். நரம்பு மீண்டும் வளரும்போது சிலருக்குக் கூச்சமோ எரிச்சலோ ஏற்படுவதுண்டு. குளிரால் தோல் தடிக்கும் ஒவ்வாமை, விரல்கள் வெளுக்கும் ரேனோ நோய், குளிரில் உறையும் புரதம் இரத்தத்தில் இருத்தல் ஆகியவை உள்ளவர்களுக்கு இம்முறை ஏற்றதன்று. கை, கால்களை இயக்கும் நரம்புகளிலும் இதனைத் தவிர்ப்பர், தசையும் செயலிழந்துவிடும்.

கருவி, வாயு உருளை, கேளா ஒலி வரைவி, பயிற்சி பெற்ற மயக்கவியல் மருத்துவர் ஆகிய நான்கும் ஓரிடத்தில் சேர்ந்தாலன்றி இது நடைபெறாது. வரைவியும் மருத்துவரும் மட்டும் உள்ள இடத்தில் செய்யத்தக்கவை வேறு உண்டு. மார்புத் தசைகளுக்கிடையே மருந்து செலுத்தும் முறையை 2011 இல் இரஃபேல் பிளாங்கோவும், முதுகுத் தசைக்கு அடியில் செலுத்தும் முறையை 2016 இல் ஃபொரேரோ குழுவினரும் விளக்கினர். இவற்றுக்கு உலக நலவாழ்வு அமைப்பின் இன்றியமையா மருந்துப் பட்டியலில் உள்ள பியூபிவக்கெய்னே போதும். இவற்றுடன் பாரசிட்டமால் போன்ற மாத்திரைகளை நேரம் தவறாமல் கொடுத்தால் முதல் நாட்களின் வலி பெரிதும் தணியும். அடுத்த வாரங்களுக்கான கைப்பயிற்சியும் வீட்டிலேயே கிடைக்க வழியுண்டு. 2021 ஆகத்தில் தமிழ்நாட்டில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவமும் வலி தணிப்புப் பராமரிப்பும் வீடு தேடி வழங்கும் சேவைகளாகச் சேர்க்கப்பட்டுள்ளன.