அறைத்தோழரும் அலமாரியும்

பள்ளிக்கல்வி முடித்து விடுதியில் சேரும் மாணவர், முன்பின் அறியாத ஒருவருடன் அறையைப் பகிர்ந்துகொள்கிறார். அந்த அறைத்தோழர் தம் அலமாரியில் மதுப்புட்டியை மறைத்து வைத்திருந்தால் என் செய்வது? தமிழ்நாட்டில் 21 வயது நிரம்பாதவருக்கு மது விற்கச் சட்டம் இடந்தருவதில்லை. இளங்கலை மாணவருள் பெரும்பாலோர் அவ்வயதை எட்டாதவரே. சோதனையில் புட்டி அகப்பட்டால் அறையிலுள்ள அனைவருமே விளக்கமளிக்க நேரிடும்.

முதலில் அவரிடமே தனிமையில், அவர் தெளிவோடிருக்கும் வேளையில் பேச வேண்டும். ‘நீ கெட்டவன்’ என்னும் தீர்ப்பு உரையாடலை முடித்துவிடும். ‘இது நம் இருவரின் அறை, இங்கு இது வேண்டா’ என்பது அதனைத் தொடங்கிவைக்கும். நண்பரை இடித்துரைத்தலும் நட்பின் கடமை என்பது வள்ளுவர் கருத்து. பயனில்லையேல் விடுதிக் காப்பாளரிடம் அறைமாற்றம் கோரலாம். இதனைக் காட்டிக்கொடுத்தல் என்பாருளர். அது பொருந்தாக் கூற்று.

உயிருக்கு இடர் நேர்கையில் இத்தகைய படிநிலைகளுக்கு நேரமில்லை. அளவுமீறிக் குடித்தவர் எழுப்பியும் எழாமல், மூச்சும் மெதுவாகிவிட்டால், ‘உறங்கட்டும்’ என விட்டுவிடலாகாது. குடிப்பதை நிறுத்திய பின்னரும் இரத்தத்தில் மதுவின் அளவு சிறிதுநேரம் ஏறக்கூடும். மயக்கத்தில் எடுக்கும் வாந்தி மூச்சுக்குழலை அடைத்துவிடலாம். காப்பியோ குளிர்ந்த நீரோ அவரைத் தெளிவிக்காது. ஒருக்களித்துப் படுக்கவைத்து, தனியே விடாமல், 108 எண்ணை அழைத்துக் காப்பாளரையும் எழுப்ப வேண்டும். தண்டனைக்கு அஞ்சித் தோழர்கள் கதவைத் தாழிடுவதே பேரிடர். எவ்வளவு, எப்போது குடித்தார் என்பதை மருத்துவரிடம் மறையாது கூறுதல் வேண்டும்.