காலைச் சாப்பாடு மறக்கும், நயினாதீவு மறக்காது

புத்தளத்தில் வாழும் நமது பெரியவர்கள் சிலரிடம் காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் விழிப்பார்கள். ஆனால் குறிகட்டுவானில் படகேறி நயினாதீவு போன கதையையும், 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட நாளையும் ஒன்றுவிடாமல் சொல்வார்கள். "தேவையானதை மட்டும் ஞாபகம் வைத்திருக்கிறார்" என்று முணுமுணுக்கும் பிள்ளைகளும் உண்டு. அது அநியாயமான பேச்சு.

மனித மூளையில் சுமார் 8,600 கோடி நரம்புக் கலங்கள் இருக்கின்றன. அதற்குள் ஒரு ஞாபகத்தைத் தேடிப் பிடிப்பது இலகுவல்ல. எனவேதான் எரிக் கண்டேல் என்ற அமெரிக்க ஆய்வாளர் கடல் முயலைத் தேர்ந்தெடுத்தார். நமது தீவுக் கடலில் பிடிக்கும் கடலட்டை போல மெத்தென்று இருந்தாலும் இது நத்தை இனம். இதற்குச் சுமார் 20,000 நரம்புக் கலங்களே உண்டு. சில வெறுங்கண்ணுக்கே தெரியும்.

அதன் வாலில் மின்னதிர்ச்சி கொடுத்தால், பிறகு மெல்லத் தொட்டாலும் செவுளைப் பலமாக உள்ளே இழுத்துக்கொள்ளும். ஒரு தடவை கொடுத்தால் அந்தப் பயம் சில நிமிடங்கள்தான். இடைவெளி விட்டுப் பல தடவை கொடுத்தால் நாட்கணக்கில் நீடிக்கும். முதலாவதில், கலங்களுக்கிடையே ஏற்கெனவே உள்ள இணைப்பு சற்று நேரம் பலப்படுகிறது, அவ்வளவுதான். இரண்டாவதிலோ மரபணுக்கள் இயங்கி, புதிய புரதங்கள் உருவாகி, புதிய இணைப்புகளே முளைக்கின்றன. நீடித்த ஞாபகம் கலத்தின் உருவத்தையே மாற்றிவிடுகிறது. 2000ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்ற மூவரில் கண்டேலும் ஒருவர். நாஜிகளுக்குப் பயந்து 1939இல் வியன்னாவை விட்டு ஒன்பது வயதில் வெளியேறிய யூதச் சிறுவன் அவர். அந்த நினைவுகளே தன்னை இந்த ஆய்வுக்கு இழுத்தன என்று எழுதியிருக்கிறார்.

அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் படித்த ஒபைத் சித்தீக்கியையும் (1932–2013) நம்மவர்கள் அறிந்திருக்க வேண்டும். மும்பையிலும் பின்னர் பெங்களூரிலும் ஆய்வு நிலையங்களைக் கட்டியெழுப்பியவர். பழ ஈ மணத்தை எப்படி அறிகிறது என்று பல்லாண்டு ஆராய்ந்தார். ஒரு மணம் வந்தால் அதிர்ச்சியும் வரும் என்று ஈக்குக் கற்பிக்கலாம். அதைக் கற்க முடியாத ஈ வகையொன்றை அமெரிக்காவில் கண்டுபிடித்தார்கள். அதில் பழுதடைந்திருந்த மரபணு, கடல் முயலின் ஞாபகத்தில் வேலைசெய்யும் அதே இரசாயனத்தோடு தொடர்புடையது!

அல்சைமர் நோய் பெரும்பாலும் முதலில் தாக்குவது, புதியவற்றைப் பதியவைக்கும் மூளைப் பகுதியை. பழையவை எப்போதோ வேறிடங்களில் வேரூன்றிவிட்டன. ஆகவே அந்தப் பெரியவர் காலைச் சாப்பாட்டை மறக்கவில்லை, அது பதியவே இல்லை. "வயசு போனால் இப்படித்தான்" என்று விட்டுவிடாமல் டொக்டரிடம் காட்டுங்கள். விற்றமின் பி12 குறைபாடு, தைரொயிட் கோளாறு போன்ற, மருந்தால் சரிசெய்யக்கூடிய காரணங்களாலும் மறதி வரும்.