காலையில் பரசிற்றமோல், மாலையில் பனடோல்

தலையிடி என்றால் கடையில் நாம் கேட்பது பனடோல். பரசிற்றமோல் என்று கேட்பவர் குறைவு. இரண்டும் ஒரே மருந்துதான். ஒன்று கம்பனி வைத்த பெயர், மற்றது மருந்தின் பெயர். அரசாங்க வைத்தியசாலைக் கிளினிக்கில் துண்டில் எழுதப்படுவது மருந்தின் பெயர். தனியார் இடங்களில் பெரும்பாலும் கம்பனியின் பெயர். பல வேளைகளில் எழுதுபவர் ஒரே வைத்தியர்தான். காலையில் ஒரு பழக்கம், மாலையில் இன்னொன்று. இந்த வித்தியாசத்துக்குப் பின்னால் ஐம்பது வருடத்துக்கும் மேலான கொள்கைச் சண்டை ஒன்று இருக்கிறது.

சுகாதாரக் கொள்கை என்றதும் அமைச்சு அச்சிட்டு வைக்கும் தடித்த புத்தகம்தான் நினைவுக்கு வரும். அது கொள்கையின் ஒரு வடிவம் மட்டுமே. எதைச் செய்வது, எதைச் செய்யாமல் விடுவது, யாருடைய பணத்தில் செய்வது என்று ஆட்சியில் இருப்போர் எடுக்கும் முடிவுகள் எல்லாம் சேர்ந்ததுதான் கொள்கை. மருந்து விலையில் அரசாங்கம் கை வைக்காமல் இருந்தால் அதுவும் ஒரு கொள்கை. விலையை விற்பவரிடமே விட்டுவிடும் முடிவு அது. சட்டம் வந்தால் கொள்கைக்குப் பல் முளைக்கும். வரவுசெலவுத் திட்டத்தில் பணம் ஒதுக்கினால் அதற்குச் சோறு கிடைக்கும். இரண்டும் இல்லாத கொள்கைகள் அலுமாரியில் கிடக்கின்றன.

இலங்கையின் மருந்துக் கதை 1950களின் இறுதியில் தொடங்குகிறது. மருந்தியல் பேராசிரியர் சேனக பிபிலேயும் அவருடைய சகாக்களும் அரசாங்க வைத்தியசாலைகளுக்குத் தேவையான மருந்துகளைப் பட்டியலிட்டார்கள். வர்த்தகப் பெயர் இல்லை, மருந்தின் பெயர் மட்டும். ஆனால் வைத்தியசாலை மதிலுக்கு வெளியே எதுவும் மாறவில்லை. தனியார் சந்தைக்குள் சுமார் 2100 மருந்துகள் வந்துகொண்டிருந்தன. அவற்றில் பல, ஒரே மருந்து வேறு வேறு சட்டை போட்டு வந்தவை.

பிரச்சினை இருந்தது, பிபிலேயிடம் தீர்வும் இருந்தது. அதைக் கையில் எடுக்க ஓர் ஆட்சிதான் இல்லை. 1970இல் சிறிமாவோ பண்டாரநாயக்காவின் ஐக்கிய முன்னணி ஆட்சிக்கு வந்தது. இடதுசாரிக் கட்சிகள் அதன் பங்காளிகள். திறைசேரியிலோ அந்நியச் செலாவணி வறண்டிருந்தது. கம்யூனிஸ்ட் கட்சித் தலைவரும் வைத்தியருமான எஸ்.ஏ. விக்கிரமசிங்கவும் பிபிலேயும் 1971இல் ஓர் அறிக்கை கொடுத்தார்கள். அதே ஆண்டு அரச மருந்துக் கூட்டுத்தாபனம் அமைக்கப்பட்டது. பிபிலே அதன் முதல் தலைவர். கவனியுங்கள்: அது அமைந்தது அரச கைத்தொழிற் கூட்டுத்தாபனச் சட்டத்தின் கீழ். சுகாதாரக் கொள்கை எப்போதும் சுகாதார அமைச்சின் கூரைக்குள்தான் பிறக்க வேண்டும் என்றில்லை.

ஒரு கொள்கைக்கு எப்போது கதவு திறக்கிறது என்பதற்கு ஜோன் கிங்டன் என்ற அமெரிக்க அரசறிவியலாளர் 1984இல் ஒரு விளக்கம் தந்தார். பிரச்சினை ஓர் ஆறு, தீர்வு ஓர் ஆறு, அரசியல் ஓர் ஆறு. மூன்றும் தத்தம் போக்கில் ஓடுகின்றன. எப்போதாவது ஓரிடத்தில் கலக்கும்போதுதான் கதவு திறக்கிறது. பாடப்புத்தகங்கள் கொள்கையை ஒரு சக்கரமாக வரைகின்றன: பிரச்சினையை இனங்காணல், வகுத்தல், நிறைவேற்றல், மதிப்பிடல், மீண்டும் முதலிலிருந்து. பரீட்சைக்கு அது போதும். பிபிலேயின் தீர்வு பத்து வருடத்துக்கு மேல் காத்துக் கிடந்ததை அந்தச் சக்கரம் விளக்காது.

கூட்டுத்தாபனம் செய்தது எளிமையான காரியம். மருந்துப் பட்டியலைச் சுமார் 600ஆகக் குறைத்தது. இறக்குமதியைப் படிப்படியாகத் தன் கையில் எடுத்து, உலகளாவிய கேள்விப்பத்திரம் மூலம் மொத்தமாக வாங்கியது. பல மருந்துகளின் விலை விழுந்தது. எதிர்ப்பும் உடனே வந்தது. உள்நாட்டில் குளிசை தயாரித்து வந்த பன்னாட்டு நிறுவனம் ஒன்று, கூட்டுத்தாபனம் வேறிடத்தில் மலிவாக வாங்கிய டெட்ராசைக்ளின் மூலப்பொருளைக் கொண்டு தயாரிக்க மறுத்தது. அந்த மருந்து தேவைப்படும் வாந்திபேதி அப்போது நாட்டில் பரவிக்கொண்டிருந்தது. தொழிற்சாலையை அரசுடைமையாக்கும் பேச்சு எழுந்தது, அமெரிக்கத் தூதுவர் வரை விடயம் போனது, தொழிற்சாலை கைமாறவில்லை. வைத்தியர்களிலும் ஒரு பகுதியினர் முகம் சுளித்தார்கள். மலிவான மருந்து தரமானதா என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். தரப் பரிசோதனைக்கு வலுவான ஆய்வுகூடம் இல்லாமல் மலிவை மட்டும் காட்டி எந்தக் கொள்கையும் மக்கள் நம்பிக்கையைப் பெறாது.

கில் வோல்ட், லூசி கில்சன் என்ற இரு ஆய்வாளர்கள் 1994இல் சொன்னது இங்கே பொருந்துகிறது. கொள்கையில் என்ன எழுதியிருக்கிறது என்று மட்டும் பார்க்காதீர்கள். எந்தச் சூழலில், எந்த வழியில், யார் யார் கூடி அல்லது மோதி அது உருவானது என்று பாருங்கள். பிபிலேயின் ஏட்டில் குறை குறைவு. களத்தில் இருந்தவர்களின் பலம்தான் சமமாக இருக்கவில்லை. 1975இல் இடதுசாரிப் பங்காளியான சமசமாஜக் கட்சி அரசாங்கத்திலிருந்து வெளியேற்றப்பட்டது. 1977 ஜூலையில் ஆட்சியே மாறியது; திறந்த பொருளாதாரத்தோடு தனியார் மருந்து இறக்குமதிக்கும் வழி திறந்தது. செப்டெம்பரில், ஐ.நா. பணியாகக் கயானா சென்றிருந்த பிபிலே அங்கேயே காலமானார். அதே 1977இல் உலக சுகாதார நிறுவனம் தனது முதலாவது அத்தியாவசிய மருந்துப் பட்டியலை வெளியிட்டது. உலகம் அந்தப் பாதைக்கு வந்த வருடத்தில் நாங்கள் அதைவிட்டு விலகினோம்.

எல்லாமே அழிந்துவிடவில்லை. கூட்டுத்தாபனம் நின்றது. அதன் ஒசுசல மருந்துக் கடைகள் இன்றும் இருக்கின்றன. அரசாங்க வைத்தியசாலையில் மருந்தின் பெயரை எழுதும் வழக்கமும் தப்பியது. நிறுவனமாகவும் பழக்கமாகவும் வேர்விட்டவை ஆட்சி மாற்றத்தைத் தாண்டின. உத்தரவாக மட்டும் இருந்தவை உத்தரவு போட்டவர்களோடு போய்விட்டன.

மறுபடியும் கதவு திறக்க நெடுங்காலம் ஆனது. 2005இல் அமைச்சரவை ஒரு மருந்துக் கொள்கையை ஏற்றது, சட்டம் வரவில்லை. 2015 ஜனாதிபதித் தேர்தலின் நூறு நாள் வாக்குறுதிகளுக்குள் அது நுழைந்த பிறகுதான் அந்த ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் நிறைவேறி, ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை உருவானது. 2016 ஒக்டோபரில் 48 மருந்துகளுக்கு உச்ச விலை வர்த்தமானியில் வந்தது. 2022இல் டொலர் தீர்ந்தபோது வைத்தியசாலைகளில் பல மருந்துகளும் தீர்ந்தன. 1970இல் பிபிலேயின் முன்னால் இருந்த அதே அந்நியச் செலாவணிக் கணக்கு மறுபடியும் மேசைக்கு வந்தது.

பார்மசியில் அடுத்த முறை குளிசை வாங்கும்போது அட்டையைத் திருப்பிப் பாருங்கள். கம்பனிப் பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் மருந்தின் பெயர் இருக்கும். அதே மருந்து வேறு விலையில் இருக்கிறதா என்று மருந்தாளரிடம் கேளுங்கள். மாற்றுவதென்றால் வைத்தியரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.