நிலத்தடி நீரின் வயது

“சாமி, ஆயிரம் அடிக்குக் கீழே ஆதிகாலத்துத் தண்ணீர் வற்றாமல் கிடக்கிறதாமே, மெய்தானா?” என்று வாலாஜாபேட்டைக் குடும்பத் தலைவர் ஒருவர் சென்ற கோடையில் நம்மை வினவினார். இரண்டு ஆழ்துளைக் கிணறுகள் அவரை ஏமாற்றிவிட்டன; மூன்றாவதற்கு மனைவியின் நகைகளை அடகு வைக்கத் துணிந்திருந்தார். ஆதலின் சற்று விரிவாகவே விடை கூறுவோம்.

ஆதிகாலத்து நீர் உண்டு என்பது மெய்யே. அதன் வயதைக் கணிக்கும் முறை விந்தையானது. மழைநீர் மண்ணில் இறங்குகையில் ஆங்குள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொள்கிறது. அவ்வாயுவில் கார்பன்-14 என்னும் கதிரியக்க அணு மிகச் சிறிதளவு கலந்துள்ளது. நீர் ஆழம் சென்று காற்றின் தொடர்பு அற்றபின் புதிய வரவு இல்லை. இருப்பதும் 5,730 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகக் குறைகிறது. கால் பங்கே எஞ்சியிருப்பின், அந்நீர் ஏறத்தாழ 11,500 ஆண்டு முதியது எனலாம். ஆயின் சுண்ணாம்புப் பாறையினூடே வந்த நீரோ, அப்பாறையின் பழங்கார்பனையும் கரைத்துக்கொண்டு தன் வயதைக் கூட்டிக் காட்டும்! (வயதைக் குறைத்துச் சொல்வோரைத்தான் நாம் கண்டிருக்கிறோம்.) அறிஞர் அதற்கேற்பக் கணக்கைத் திருத்தியாக வேண்டும்.

ஏறத்தாழ 40,000 ஆண்டுகளுக்கு அப்பால் இம்முறை பயன்படாது. எகிப்தின் மேற்குப் பாலைவனத்து ஆழ்நீரை அளக்கக் கிரிப்டான்-81 என்னும் அணுவை நாடினர். அது பாதியாவதற்கு 2,29,000 ஆண்டுகள் ஆகும். பல டன் நீரிலிருந்து வாயுவைப் பிரித்து, லேசர் ஒளியின் துணையால் அணுக்களை ஒவ்வொன்றாக எண்ணினர். அந்நீரின் வயது இரண்டு இலட்சம் முதல் பத்து இலட்சம் ஆண்டுகள் வரை என 2004-இல் அறிவித்தனர்.

நம் தமிழகத்திலும் முதிய நீர் உண்டு. கடலோரத் திருவாடானைப் பகுதியின் ஆழ்நீரை ஐதராபாத் தேசியப் புவி இயற்பியல் ஆய்வு நிறுவனத்தார் ஆராய்ந்து, கடந்த 30,000 ஆண்டுகளின் தட்பவெப்ப வரலாற்றையே அதில் கண்டு 1998-இல் வெளியிட்டனர். அங்கே மணற்படுகைகள் ஆழத்தில் மூடுண்டு கிடக்கின்றன.

வாலாஜாவின் அடியில் இருப்பதோ கருங்கற்பாறை. அதன் வெடிப்புகளில் தங்குவதே நமக்கு நீர். ஆழம் செல்லச் செல்ல வெடிப்புகள் அருகும். அந்நீர் பெரும்பாலும் நம் காலத்து மழையும் பாலாற்று வெள்ளமும் தந்த இளைய நீர். ஆண்டுதோறும் ஊறுவது அதன் நலம். மேலே கொட்டுவது விரைவில் கீழே சேர்வது அதன் கேடு. தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு நம் கிணறுகளைக் கெடுத்த கதையை 28-8-1996 அன்று உச்ச நீதிமன்றமே தன் தீர்ப்பில் எடுத்துரைத்தது.

“ஆயிரம் அடியில் உமக்கென ஆதி நீர் காத்திருக்கவில்லை, ஐயா” என்றோம். அவர் முகம் வாடிற்று. எனினும் நகைகள் அடகுக் கடைக்குச் செல்லவில்லை. அவர் வீட்டுக் கொல்லையில் பாட்டனார் வெட்டிய கிணறு ஒன்று உண்டு. உப்பேறிவிட்டதென்று அதில் குப்பை கொட்டிவந்தனர். இப்போது அதைத் தூர்வாரி, ஓட்டுக் கூரையின் மழைநீரை அதற்குள் திருப்பிவிட்டிருக்கிறார். ஐப்பசி மழை ஓய்ந்தபின் நீரைச் சோதனைக்கு அனுப்பப் போகிறாராம்.